தோணாவை மறித்த குசினி

அன்புள்ள மகனுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்பதை நேற்றுப் பின்னேரம் உன் அம்மாவின் போனிலேயே கேட்டுவிட்டேன். ஆகையால் சுகம் விசாரித்துத் தாளை வீணாக்கப் போவதில்லை. ஒரு சீவிய காலம் முழுக்கச் சைக்கிளில் வீடு வீடாய்க் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். ஆனால் உட்கார்ந்து நானே எழுதிய கடிதங்களை எண்ணினால் ஒரு கையில் விரல் மிஞ்சும். "போன்ல சொன்னா என்ன, வாயென்ன பூட்டியா கிடக்கு?" என்று உன் அம்மா கேட்கிறாள். போனில் சொன்னால் நீ "சரி அப்பா, விடுங்க அப்பா" என்று இடையிலேயே வெட்டிவிடுவாய். நானும் அதுதான் சாட்டென்று விட்டுவிடுவேன். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. கடைசி வரைக்கும் வாசி.

மூன்று கிழமைக்கு முன்பு நீ அம்மாவோடு பேசியபோது நான் பக்கத்தில் இருந்து நெத்தலி கிள்ளிக்கொண்டிருந்தேன். அவள்தான் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கப் பேசுகிறவள் ஆயிற்றே. கதிரவெளியில் உன் மாமனார் வீட்டுக்கு அங்கால், கரையைப் பிடித்து நிற்கிற கண்ணா மரங்களை வெட்டி மண் போட்டு நிரப்புகிறார்களாம். ஊரில் செய்த மாதிரி இங்கேயும் ஆட்களைச் சேர்த்து ஏதாவது செய்து தா தம்பி என்று அந்தச் சனம் உன்னைக் கேட்டதாம். "செய்யன் மனே, நல்ல காரியம்தானே" என்றாள் அம்மா. அதற்கு நீ சொன்ன மறுமொழி எனக்குத் தெளிவாகக் கேட்டது. "எனக்கு அதுக்குத் தகுதி இல்லம்மா. சொந்த வீட்டடியிலயே கயித்த வளைச்சவன் நான். எந்த முகத்தோட போய் மத்தவன்ட கரையில நிக்கிற?"

நெத்தலியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். பூனைக்கு அன்றைக்கு நல்ல வேட்டை. மகன், அந்தக் கயிற்றை வளைத்தவன் நீ இல்லை, நான். நீ செய்யாத குற்றத்தை உன் தலையில் சுமந்துகொண்டு, செய்ய வேண்டிய வேலையை விட்டுவிட்டு இருக்கிறாய். அந்தக் குற்றத்தில் அரைவாசிதான் உனக்குத் தெரியும். மற்ற அரைவாசியையும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். நம் வளவு அகலம் குறைந்து நீளம் கூடிய வளவு. முன்னால் ரோட்டு, பின்னால் வாவி. தேசப்படத்தில்தான் வாவி என்று போட்டிருக்கிறது, நாம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, நமக்கு அது ஆறுதான். அந்த வளவும் வீடும் உன் அம்மாவின் சீதனம். நம் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீட்டோடுதான் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை பெண்வீட்டில் போய்க் குடியிருக்க வேண்டும். நான் அப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடு இங்கே வந்தேன். நீ ஒரு சூட்கேசோடு கதிரவெளிக்குப் போனாய். நல்ல வழக்கம்தான், குறை சொல்லமாட்டேன். வீடு பெண்ணின் பெயரில் இருந்தால் அவளை யாரும் வெளியே போ என்று சொல்ல ஏலாது. ஆனால் பெண்ணைப் பெற்ற தகப்பன் இருக்கிறானே, அவன் பிள்ளை பிறந்த நாளிலிருந்து வீட்டுக்கு இடம் தேடிக்கொண்டே திரிவான். கரையோரத்துத் தகப்பனுக்கு இடம் ஒரு பக்கம்தான் தெரியும், அது ஆற்றுப் பக்கம்.

உன் அக்காவுக்குப் பெரியகல்லாற்றிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தச்சுவேலை, ஒரு கெட்ட பழக்கமும் இல்லை, அக்காவுக்கும் பிடித்துவிட்டது. அவர்கள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. "வீடு இரிக்குத்தானே?" என்று மட்டும் கேட்டார்கள். "ஓம் ஓம், பின்னால கட்டுறம், குறைவேலைதான் கிடக்கு" என்று நான் சொன்னபோது அங்கே ஒரு கல்கூட இல்லை. இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் எழுப்பியதோடு வளவு முடிந்துவிட்டது. சமைக்கிற குசினிக்கும் குளிக்கிற அறைக்கும் இடமில்லை. அதற்கு அப்பால் கண்ணாப் பற்றையும், பற்றைக்கு நடுவே தோணாவும். பள்ளத்துப் பக்கம் இருக்கிற எட்டு வீட்டு மழைத்தண்ணீரும் அந்த ஓடை வழியாகத்தான் ஆற்றுக்குப் போகவேண்டும். ஒரு தோணி நுழைகிற அளவுக்கு அகலமாக இருந்தது அது.

சித்திரை வெயிலில் ஆற்றுத்தண்ணீர் வற்றிக் கிடந்தபோது, எங்கோ இடித்த கட்டடத்தின் கல்லையும் மண்ணையும் உழவு மெசினில் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொட்டினேன். கண்ணாக்களை வெட்டி விறகாக்கினோம், அந்த விறகில்தான் அக்காவின் கலியாணச் சமையல் நடந்தது. தோணாவை அப்படியே மூடினால் பாவம் என்று மனதில் பட்டதால் அதற்குள் ஒரு கொங்கிறீட் குழாயைப் போட்டு மேலே மண்ணை நிரவினேன். மேசன் குனிந்து குழாய்க்குள் பார்த்துவிட்டு, "இது காணுமா அண்ணே?" என்று கேட்டான். "காணும் காணும், நீ கல்லை வை" என்றேன். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் நிரப்பித்தானே இருக்கிறார்கள், அந்தப் பக்கத்து வளவுக்காரன் கிணறே கட்டிவிட்டான், நான் ஒரு குசினிதானே கட்டுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவன் தனக்குத் தானே சொல்லும் நியாயம் எவ்வளவு இனிமையாக இருக்கும் தெரியுமா? அதற்கு மறுப்புச் சொல்ல ஆள் இல்லை.

அதற்கு முன்பெல்லாம் மாரியில் பள்ளத்து முற்றங்களுக்குத் தண்ணீர் வரும், விடிந்தால் வடிந்துவிடும். அந்த வருசம் வந்த தண்ணீர் ஐந்து நாள் நின்றது. எட்டு வீட்டுச் சனமும் பாயும் பானையும் கோழியுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். முதல் ஆளாக ஓடினவன் யார்? உன் அப்பன்தான். கோயிலின் பெரிய சமையல் கிடாரத்தை வாங்கி, கடை கடையாய் ஏறி அரிசியும் பருப்பும் சேர்த்து, மழையில் நனைந்து நனைந்து மூன்று நேரமும் சமைத்துக் கொடுத்தேன். உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நீ இடுப்பில் ஈரச் சாரத்தோடு என் பக்கத்தில் இருந்து தேங்காய் துருவினாய். அந்த வருசம் கோயில் கூட்டத்தில் எனக்கு மாலை போட்டார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த மாரியும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். மழை இருட்டினால் சனம் பாயைச் சுருட்டும், நான் கிடாரத்தைத் தேடுவேன்.

எனக்குத் தெரியாமலா நடந்தது என்று நீ கேட்கலாம். இல்லை மகன். முதல் வெள்ளத்தின் இரண்டாம் நாளே தெரியும். குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். வைக்கோலும் ஆற்றுவாழையும் பொலித்தீனும் வந்து குழாயின் வாயை அடைத்துக் கிடந்தது. கம்பால் குத்தினேன், அசையவில்லை. அசைந்திருந்தாலும் அந்தக் குழாய்க்குள்ளால் எட்டு வீட்டு வெள்ளம் போகாது என்பது குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். நான் செய்ததென்ன? வீட்டுக்கு வந்து தலையைத் துடைத்துக்கொண்டு அரிசி அளந்தேன். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறவன் என்று சொல்வார்களே, அந்தத் தொட்டிலைப் பன்னிரண்டு மாரி ஆட்டினேன்.

இதில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் வேறு. நீ ஊருக்கு உழைக்கப் பழகியது அந்தப் பள்ளிக்கூடத்து அடுப்படியில்தான். வேலை கிடைத்த பிறகும் சனிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கரையில் இறங்கினாய், பிய்ந்த வலையும் போத்தலும் பொறுக்கினாய், நம் கிணற்றடியில் கண்ணாக் கன்று வளர்த்தாய். யாராவது கேட்டால், "எங்கட அப்பாவப் பாத்துத்தான்" என்பாய். ஒவ்வொரு முறையும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனாலும் இன்னொரு தரம் சொல்லமாட்டானா என்று ஆசையாகவும் இருக்கும். என்ன மனிசன் நான், பார்.

இனி அந்தக் கயிற்றுச் சனிக்கிழமை. பழைய நில அளவைப் படத்தையும், ஆற்றில் தொழில் செய்கிறவர்கள் காட்டிய பழைய கரையையும் வைத்து நேராகக் கயிறு பிடித்து, கயிற்றோரம் முழுக்கக் கன்று நடுவதென்றும், அதற்கு அங்கால் யாரும் மண் கொட்டுவதில்லை என்றும் கரையோரத்து வீட்டுக்காரர்களோடு பேசி முடித்திருந்தாய். அதற்கு நீ எத்தனை வீட்டு வாசலில் தேத்தண்ணி குடித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். கயிற்றின் ஒரு முனை உன் கையில், மறுமுனை உன் கூட்டத்து ரிஸ்வான் கையில். முஸ்லிம் ஊரான ஓட்டமாவடியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, அம்மாவுக்கு ஒரு தயிர்ச் சட்டியோடு வந்து நிற்கிற பிள்ளை அவன். கயிறு நேரே வந்து அக்காவின் குசினிச் சுவருக்குள் புகுந்தது. பத்துச் சனம் பார்த்துக்கொண்டு நின்றது. ரிஸ்வான்தான் மெதுவாக, "ஐயா, இந்தச் சுவர் கோட்டுக்கு அங்கால நிக்கிது போல" என்றான்.

"இது பத்திரம் உள்ள உறுதிக் காணி! இஞ்ச ஒருநாளும் ஆறு இருக்கயில்ல!" என்று கத்தினேன். அதோடு நின்றேனா? "ஓட்டமாவடியில இருந்து வந்து எங்கட வளவ அளக்கிறியோ நீ?" என்றேன். அந்தப் பிள்ளையின் முகம் செத்துப்போனது. "குறை நினைக்காதீங்க ஐயா" என்று கயிற்றை நிலத்தில் வைத்தான். நீ என்னைப் பார்த்தாய். பிறகு குனிந்து, நிலத்தில் கிடந்த முனையை எடுத்து, குசினியைச் சுற்றி வளைத்துக் கட்டினாய். அப்பா பொய் சொல்லமாட்டார் என்று நம்பி வளைத்தாயா, பொய்யென்று தெரிந்தும் பத்துப் பேருக்கு முன்னால் என்னை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வளைத்தாயா? இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கத் துணிவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை நடந்ததை நீயே கண்டாய். "தபால்காரன்ட குசினிக்கு வளையிற கயிறு எங்கட வளவுக்கு மட்டும் வளையாதோ?" என்று கரையோரத்து மற்ற வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? நட்ட கன்றுகளை இரண்டு கிழமைக்குள் பிடுங்கி எறிந்தார்கள். உன் கூட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் விட்டார்கள், ரிஸ்வானும் வரவில்லை. பிறகு உனக்குக் கலியாணம் சரிவந்தது, நீ போய்விட்டாய். போகும்வரை என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் இரண்டு சொல்லைத் திருப்பிச் சொல்லித் தப்பியிருப்பேன்.

உன் பேச்சை ஸ்பீக்கரில் கேட்ட அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தோணாவைத் திறந்தேயாக வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஆனால் உன் அப்பனின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று கேள். மாரிக்கு முன்பு ஊரைக் கூட்டி ஒரு சிரமதானம் வைப்போம், 'தோணாவைத் துப்புரவாக்குவோம்' என்று சொல்லுவோம், அந்தச் சாட்டில் குழாயைக் கிளப்பிவிடலாம், எப்படிப் போனது ஏன் போனது என்று யார் கேட்கப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். அதற்கும் ஒரு மாலை விழுந்திருக்கும். இந்தத் திட்டத்தோடு அக்காவிடம் போனேன். போகத்தான் வேண்டும், ஏனென்றால் வீடு அவளுடையது. உறுதி எழுதிக் கையில் கொடுத்த பிறகு அதில் ஒரு செங்கல்லைத் தொடவும் எனக்கு உரிமையில்லை.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, குசினி என்ட சீதனம். குடுத்தத திருப்பிக் கேக்க வந்திருக்கிங்களா?" என்றாள். உன் மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. "மாமா, எங்கட அம்மா அப்பாவுக்கு நான் என்ன சொல்லுற? வீட்டில அரைவாசிய ஆத்துக்குக் குடுத்திட்டம் எண்டா?" என்றான். அவனில் பிழையில்லை. வீடு இருக்கிறது என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தவன் நான். "தம்பிக்காகக் கேக்கிறன் புள்ள" என்றேன். "தம்பிய இழுக்காதீங்க" என்றாள் உன் அக்கா. "ஒவ்வொரு மாரியும் நான் இந்தக் குசினியில நிண்டு சமைக்கக்குள்ள அந்தச் சனம் பாயத் தூக்கிக்கிட்டு இந்த வேலியோரமாத்தான் போகும். எனக்குக் கண் இல்லையா? ஒடைக்கிறன் அப்பா. ஆனா இந்தச் சிரமதானக் கதையெல்லாம் எனக்கிட்டப் பறையாதீங்க. எடுத்தத திருப்பிக் குடுக்கிறதுக்குப் பேர் தானமோ? முதல்ல போய்ப் பள்ளத்துச் சனத்துக்கிட்டச் சொல்லுங்க, ஒங்கட வாயால. மறுகா நான் சுவர இடிக்க அலவாங்கு எடுக்கிறன்."

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன், ஏதாவது எனக்குச் சார்பாகச் சொல்வாளென்று. "என்ன, என்னப் பாக்கிறீங்க? முழுப் பூசணிக்காயச் சோத்துக்குள்ள மறைச்ச மனிசன் நீங்க. நானும்தான் என்ட புள்ளைக்கு வீடு வேணுமெண்டு வாய மூடிக்கிட்டிருந்தன். போய்ச் சொல்லுங்க" என்றாள். இரண்டு பெண்களும் ஒரு பக்கம் நின்றால் நான் எங்கே போவது?

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். பள்ளத்துப் பெண்கள் அத்தாங்கு வலையோடு விடியப்புறம் ஆற்றில் இறங்கி இறால் கோலிக்கொண்டு வந்து, பாக்கியத்தின் முற்றத்தில் சாக்கு விரித்துச் சின்னது பெரியதாய்த் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியத்தை உனக்குத் தெரியும், புருசன் போன பிறகு ஆற்றை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். என்னைக் கண்டதும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கதிரை எடுத்து வந்தாள். "இரிங்க தபாலண்ணே" என்றாள். நான் இருக்கவில்லை.

மூன்று நாளாகப் பாடமாக்கி வைத்திருந்த பேச்சு மறந்துவிட்டது. "ஒங்கட வீட்டுக்குள்ள தண்ணி நிக்கிறது மழையால இல்ல புள்ள, என்னால. தோணாவ மறிச்சிக் குசினி கட்டினன். குழாய் காணாதெண்டு எனக்கு முதல் வருசமே தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தன்" என்றேன். ஒருத்தி இறால் தெரிந்தெடுப்பதை நிறுத்தவேயில்லை. பாக்கியம் என் முகத்தைப் பார்க்காமல், "தெரியும் அண்ணே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். குழாய் போட்ட அண்டைக்கே எங்கட ஆக்கள் பறைஞ்சவங்க, இது காணாதெண்டு. தண்ணியில சீவிக்கிற எங்களுக்குத் தண்ணி எங்கால போகுமெண்டு தெரியாதா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது, நம்புவாயா? "அப்ப ஏன்கா ஒருத்தரும் என்ன வந்து கேக்கயில்ல? பன்னிரண்டு வருசம்!" என்று சத்தம் போட்டேன்.

"எப்பிடிக் கேக்கிற அண்ணே? முதல் வெள்ளத்துக்கே கேப்பமெண்டுதான் இருந்த. அதுக்குள்ள நீங்க சோத்தோட வந்து நிண்டிங்க. மழைக்குள்ள நனைஞ்சி நனைஞ்சி ஒங்கட கையால போட்டிங்க. வாய்க்குள்ள ஒங்கட சோத்த வெச்சிக்கிட்டு எப்பிடி ஒங்களப் பேசுற?" பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். "என்ட மூத்தவள் சோதனை எழுதின மாரியும் அப்பிடித்தான். நாலு நாள் பள்ளிக்கூட நிலத்துல படுத்தெழும்பி, நனைஞ்ச கொப்பியப் பாத்துட்டுப் போய் எழுதினாள். கணக்குப் பாடம் பெயிலாப் போயிட்டு. இப்ப கொழும்புப் பக்கம் காமன்ட்ஸ் பெக்டரியில நிக்காள். அண்டைக்கும் நீங்கதான் அவளுக்குப் பருப்புக் கூடப் போட்டு, 'நல்லா எழுது மனே' எண்டு சொன்ன."

மகன், எனக்கு அந்தப் பிள்ளையை நினைவிருக்கிறது. இரட்டைப் பின்னல். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "போதும் மாமா" என்று சொன்னாள். நான் அவளுடைய கொப்பியை நனைத்துவிட்டு அவளுக்குப் பருப்பு ஊற்றியிருக்கிறேன். அந்த முற்றத்தில் நின்றபடியே அழுதேன். ஊர்ப் பெண்களுக்கு முன்னால் இந்த வயதில் அழுவது வெட்கம்தான், ஆனால் நிறுத்த முடியவில்லை. யாரும் என்னைத் தேற்றவில்லை. தேற்றாமல் விட்டது சரி.

அடுத்த சனிக்கிழமை அக்காதான் முதல் அடி அடித்தாள். மச்சான் முதல்நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், அன்று காலை தானாகவே கதவையும் சன்னலையும் பக்குவமாகக் கழற்றி வைத்தான். பள்ளத்திலிருந்து நாலைந்து பேர் மண்வெட்டியோடு வந்தார்கள், உன் பழைய கூட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் எங்கேயோ கேள்விப்பட்டு வந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. பின்னேரமளவில் குழாய் வெளியே வந்தது. அதன் வயிற்றுக்குள் பன்னிரண்டு வருசத்துக் குப்பை கல்லாகிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் பாக்கியத்துக்கு எங்கிருந்தோ வந்தது. மண்வெட்டியை எறிந்துவிட்டு, என்னைப் பிடித்து ஏசத் தொடங்கினாள். ஏச்சென்றால் அப்படி இப்படி ஏச்சில்லை. என் வயதென்ன, வரிசையென்ன, ஒன்றும் பார்க்கவில்லை. போன கோழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள், ஊறிப்போன நெல்மூட்டையைச் சொன்னாள், மகள் போனில் அழுவதைச் சொன்னாள். உன் அம்மா வேலியடியில் நின்று, "இன்னும் ரெண்டு பேசுகா, கேக்கட்டும்" என்றாள். நான் சேற்றுக்குள் நின்று கேட்டேன். மாலை விழுந்த நாளில்கூட என் நெஞ்சு இவ்வளவு இலேசாக இருந்ததில்லை. ஏசி முடித்துவிட்டு மூச்சு வாங்க நின்றவள், "நீங்களா வந்து சொன்னபடியாத்தான் பேசினன்" என்று சொல்லி மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு மழை பெய்தது. பெருமழை இல்லை. தண்ணீர் தோணா வழியாகக் கலங்கலாய் ஓடி ஆற்றில் விழுந்ததை எட்டு வீட்டுப் பிள்ளைகளும் வந்து நின்று பார்த்தார்கள். "பெருவெள்ளம் வரட்டும், பாப்பம்" என்கிறாள் பாக்கியம். அவள் சொல்வதுதான் சரி, கார்த்திகை பிறந்தால் தெரியும். அக்கா இப்போது நம் குசினியில் சமைக்கிறாள். இரண்டு பெண்கள், ஒரு அடுப்பு, ஒரு மிளகாய்த்தூள் போத்தல். எனக்கு இரண்டு பக்கத்து ஏச்சும் கிடைக்கிறது. மச்சான் முன்பக்கம் விறாந்தையை மறைத்து ஒரு சின்னக் குசினி கட்டலாமென்று அளந்து பார்க்கிறான். விறாந்தை போய்விடும், போகட்டும். திங்கட்கிழமை நான் ஓட்டமாவடிக்கு பஸ் ஏறுகிறேன். ரிஸ்வானுக்கு நீ போன் பண்ணி ஒன்றும் சொல்லி வைக்காதே. அவன் வாசலில் நின்று நானே சொல்ல வேண்டும், அவன் கதவைச் சாத்தினால் சாத்தட்டும்.

இனி உன் விசயம். உனக்குத் தகுதி இல்லை என்று சொன்னாயே, அதைக் கேட்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பத்துச் சனத்துக்கு முன்னால் தகப்பனின் மானத்துக்கும் ஆற்றின் கரைக்கும் நடுவே உன்னை நிறுத்தியவன் நான். அந்த இடத்தில் யார் நின்றாலும் தடுமாறுவார்கள். கதிரவெளிச் சனம் கேட்டால் போ. கரையில் இறங்கு. ஆனால் என்னைப் போலப் போகாதே. நாம் நல்லது செய்யப் போகும்போது கையில் ஏதாவது கொண்டுபோகிறோம், சோறோ கன்றோ ஏதோ ஒன்று. வாங்குகிற சனத்துக்கு அதற்குப் பிறகு நம்மைக் கேள்வி கேட்க வாய் வராது. அதை நான் பன்னிரண்டு வருசம் என் நன்மைக்குப் பாவித்துக்கொண்டேன். நீ அவர்களிடம் வாங்குகிற முதல் பொருள் அவர்களுடைய ஏச்சாக இருக்கட்டும். உன்னை ஏசத் துணிகிற ஒருவர் அந்தக் கரையில் இருக்கும்வரை நீ பிழை விட்டாலும் ஊர் தாங்கும். உன் மாமனாரின் வேலியிலிருந்து கயிற்றைப் பிடி. அவர் முறைத்தால் முறைக்கட்டும், அவருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவருடைய பயம் எனக்குத் தெரியும். அவரோடு சண்டை பிடிக்காதே, பக்கத்தில் உட்கார்ந்து பேசு.

உன் முதல் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. அதற்காகத்தான் போனில் சொல்லாமல் தாளில் எழுதினேன். ஒரு வரியும் விடாமல் வாசி, ரிஸ்வானிடம் நான் சொன்ன அந்தக் கேடுகெட்ட சொல்லையும் சேர்த்து வாசி. அந்த இடம் வரும்போது உனக்குக் குரல் இறங்கும், "எங்கட ஊர்ல ஒரு ஆள்" என்று மாற்றிவிடலாமா என்று தோன்றும். மாற்றாதே மகன். "என்ட அப்பா" என்றே வாசி.